கல்லுக்காரன் கட்டிய மீன் தொட்டி

என்னைப் பற்றி ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். நாலும் உண்மைதான், நான் மறுக்கப் போவதில்லை. பெயர் ஓஸ்வின் ஸ்கீட். அறுபத்தாறு முடிந்துவிட்டது. பார்படோஸில், செயின்ட் ஜார்ஜ் பக்கத்துக் கல் குவாரியில் முப்பத்திமூன்று வருஷம் கல் அறுத்தவன். எங்கள் தீவே கடலுக்கடியில் பவளப்பூச்சிகள் கட்டி எழுப்பிய சுண்ணாம்புக் கல். அதை அறுத்துத்தான் சர்ச் கட்டினோம், பள்ளிக்கூடம் கட்டினோம், சர்க்கரை ஆலைக்குப் புகைபோக்கி கட்டினோம், என் வீட்டையும் கட்டினோம். ஒரு கல்லை விரலால் தட்டிப் பார்த்தே அது எந்தக் குவாரியில் எத்தனை அடி ஆழத்தில் கிடந்தது என்று சொல்லிவிடுவேன். யாரும் கேட்பதில்லை. கேட்காமலே சொல்வேன்.

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் பேசினாலும் வாக்கியத்தின் முதல் பாதியைத்தான் கேட்பேன். காதில் கோளாறு இல்லை, டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார். முதல் பாதி விழுந்ததுமே மிச்சம் எனக்குத் தெரியும் என்று கிளம்பிவிடுவேன். கல்யாணத்தன்று பாதிரியார் "இந்தப் பெண்ணை..." என்று இழுத்த உடனே "சம்மதம்!" என்று கத்திவிட்டேன். சர்ச் முழுக்கச் சிரிப்பு. என் அவசரத்தால் எனக்கு நஷ்டம் வராத ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

அந்தப் பெண் யூலாலி. பக்கத்துத் தீவான செயின்ட் வின்சென்ட்டில் பிறந்தவள். எரிமலைத் தீவு அது, மண்ணெல்லாம் கறுப்பு. இங்கே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்கு வந்தவளை நான் மடக்கிப் போட்டேன் என்று ரம் கடையில் சொல்வேன். அவள் சொல்லும் கதை வேறு. முப்பத்தெட்டு வருஷமாக அவளை ஒரே விஷயத்துக்குக் கிண்டல் செய்து வந்திருக்கிறேன். "உங்க ஊர்ல கல்லு கூட உருப்படியா கிடையாதே. தண்ணியில போட்டா மிதக்குது. குதிகால் தேய்க்கத்தான் லாயக்கு!" அவர்கள் எரிமலை வெடித்த வருஷம் சாம்பல் நூறு மைல் பறந்து வந்து எங்கள் கூரையெல்லாம் அப்பியது. ஏதோ அவளே பார்சல் போட்டு அனுப்பிய மாதிரி அன்று முழுக்க அவளிடம் எரிந்து விழுந்தேன். அவள் அந்தச் சாம்பலைக் கூட்டிப் பதினோரு பையில் கட்டித் தோட்டத்துக்குப் பின்னால் வைத்தாள். அந்த வருஷம் மிளகாய் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. நன்றாகத் தின்றேன். ஏன் காய்த்தது என்று கேட்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் அவளுக்கு ஒரு தோட்டம் இருந்தது. வெண்டை, தக்காளி, மிளகாய், மீனுக்குத் தடவும் பச்சிலைகள், எல்லாம் இருந்தன. நான் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியதில்லை. போன செப்டம்பரில் அவளுக்கு இடுப்பு எலும்பு மாற்றினார்கள். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், குனியக் கூடாது, குந்தக் கூடாது, நிற்கலாம், நடக்கலாம். இரண்டே மாதத்தில் தோட்டம் முழுக்கக் களை. யூலாலி வராந்தா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். முன்பு தோட்டத்தைப் பார்த்து உட்காருவாள், இப்போது ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். போகிற பஸ், வருகிற பஸ். பார்க்கவே எனக்குச் சகிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று எங்கள் மகள் ஷெர்மா டொரான்டோவிலிருந்து போன் செய்தாள்.

"அம்மா, நீ இங்க வந்துடும்மா. லிப்ட் இருக்கு, ஹீட்டர் இருக்கு. அங்க உக்காந்து என்ன பண்ணப் போற? அப்பா, நீங்களும் வாங்க."

எனக்கா? அங்கே போய்ப் பனியில் நான் எந்தக் கல்லைத் தட்ட? "நான் வரல" என்றேன். யூலாலியும் அதையே சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. "பாக்கலாம்டி" என்றாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் 'பாக்கலாம்' என்று சொன்ன எதுவும் நடக்காமல் போனதில்லை. ஈஸ்டர் முடிந்த வாரத்துக்கு ஷெர்மா டிக்கெட்டே எடுத்துவிட்டாள்.

ஜனவரியில் விவசாயக் கண்காட்சிக்குப் போனேன். போனது உண்மையில் பன்றிக்கறிக்காகத்தான். அங்கே ஒரு மூலையில் மீன் தொட்டி ஒன்று, அதன் பக்கத்தில் இடுப்பு உயரத்தில் மேஜை மாதிரி ஒரு பாத்தி. பாத்தியில் மண்ணே இல்லை, வெறும் ஜல்லி. அதில் லெட்டூஸ் கீரை தளதளவென்று நின்றது. ஒரு பொம்பளை நின்றபடியே அதைப் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். குனியவில்லை. குந்தவில்லை. கையில் கறித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் யூலாலியின் நாற்காலிக்கு முன்னால் நின்று, தேர்தலில் நிற்பவன் மாதிரி அறிவித்தேன்.

"இங்க பாரு. ஈஸ்டருக்குள்ள நான் வளத்த லெட்டூஸை உன் கையில குடுக்கறேன். குடுக்கலைன்னா நீ ஷெர்மாகிட்ட போ. நானே பெட்டியைத் தூக்கிட்டு ஏர்போர்ட்டுக்கு வரேன். சரியா?"

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றாள். அந்த ஒரு 'ம்'மை நான் பத்திரத்தில் போட்ட கையெழுத்தாக எடுத்துக்கொண்டேன்.

இந்த வேலையைச் சொல்லித் தர சனிக்கிழமை வகுப்பு நடந்தது. ஆறு வாரம். சொல்லித் தந்தவள் மிஸ் அலைன், என் மகளை விடச் சின்னவள், ஆனால் வேலை தெரிந்தவள். அவள் முதல் நாளே விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். மீன் தின்கிறது, கழிக்கிறது. அந்தத் தண்ணீரை மோட்டார் பாத்திக்கு ஏற்றுகிறது. ஜல்லியில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கழிவைச் செடிக்கு உரமாக மாற்றுகின்றன. செடி அதைக் குடிக்கிறது. சுத்தமான தண்ணீர் மறுபடி மீனிடம் வருகிறது. சொட்டுத் தண்ணீர் வீணாகாது. குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள் வெறும் காற்று வருகிற எங்கள் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமானது வேறென்ன இருக்கிறது? எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

மூன்றாம் சனிக்கிழமை ஜல்லியைப் பற்றிப் பேசினாள்.

"எந்தக் கல்லா இருந்தாலும் முதல்ல அது மேல கொஞ்சம் வினிகர் ஊத்திப் பாருங்க. நுரைச்சுதுன்னா..."

எனக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்றேன்.

"மிஸ் அலைன், நான் முப்பத்திமூணு வருஷம் குவாரியில இருந்தவன். எனக்குக் கல்லுக்கு வினிகர் ஊத்தச் சொல்லித் தரீங்களா? கல்லு என்ன ஊறுகாயா?"

"மிஸ்டர் ஸ்கீட், நான் முழுசா சொல்லி முடிக்கிறேன், கொஞ்சம் உக்காருங்க."

உட்காரவில்லை. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஆறு வார வகுப்பில் நான் படித்தது இரண்டரை வாரம்.

அதற்கப்புறம் வேலையை ஆரம்பித்தேன் பாருங்கள், என் ஆர்ப்பாட்டத்தைச் சொல்லி மாளாது. ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைப் பிடித்தேன். மூன்று பாத்திகளைப் பலகையில் அடித்து இடுப்பு உயரத்துக்கு நிறுத்தினேன். குவாரிப் பழைய கூட்டாளிகள் லாரியில் ஜல்லி கொண்டுவந்து கொட்டினார்கள், வெள்ளை வெளேரென்று எங்கள் தீவுச் சுண்ணாம்புக் கல், இரண்டு டன். ஒவ்வொரு கூடையாகக் கழுவினேன். மோட்டாருக்கு நேரம் வைத்துத் தானாக ஓடி நிற்கும்படி செய்தேன். மீனுக்குத் தீனி போடக்கூட ஒரு டப்பா, அதுவும் தானாகச் சிந்தும். பார்க்க அவ்வளவு அழகு. கல்யாணக் கேக் மாதிரி வெள்ளையாக நின்றது.

யூலாலி ஒரு நாள் கைத்தடியை ஊன்றி மெல்ல வந்தாள். பாத்தியில் கை வைத்தாள். ஒரு கல்லை எடுத்துப் பார்த்தாள்.

"ஸ்கீட், இந்தக் கல்லு..."

"நல்ல கல்லு! நாப்பது அடி ஆழத்துக் கல்லு. நீ போய் உக்காரு, எல்லாம் நான் பாத்துக்கறேன். உனக்கு ஒரு வேலையும் கிடையாது."

அவள் கல்லைக் கீழே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே ரெண்டு போட்டுக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

பிப்ரவரியில் அறுபது ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகள் வந்தன. இரண்டு வாரம் பொறுத்து லெட்டூஸ் நாற்று வைத்தேன். தெருமுனை ரம் கடை லிவ்விக்கு என்னைக் கண்டாலே வாய் அரிக்கும். கூட்டத்தோடு பார்க்க வந்தான்.

"டேய் ஸ்கீட், மீன் மேய மேல ஏறி வருமா, இல்ல கீரை குடிக்கக் கீழ இறங்கிப் போகுமா?"

"சிரிடா சிரி. ஈஸ்டருக்கு உன் கடைக்கே கீரை அனுப்பறேன்."

"என் கடையில யாருடா கீரை தின்னறான்?"

மார்ச் பிறந்தது. கீரை மஞ்சளாகத் தொடங்கியது. நரம்பு மட்டும் பச்சை, நடுவில் எல்லாம் காமாலை வந்த மாதிரி மஞ்சள். புதுசாக வந்த இலை அதைவிட மோசம். தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன், தினமும் ஒரு வசவு விட்டுவிட்டு வருவேன். கடைசியில் மானத்தை விட்டு மிஸ் அலைனுக்குப் போன் செய்தேன். விவரம் சொன்னேன்.

"மிஸ்டர் ஸ்கீட், செடிக்கு இரும்புச்சத்து போகல. ஆனா..."

"ரொம்ப நன்றி!" என்று வைத்துவிட்டேன்.

இரும்புதானே! குவாரிக்காரன் வீட்டில் இரும்புக்கா பஞ்சம்? பழைய உளி ஏழு, துருப்பிடித்த கரும்பு வெட்டுக்கத்தி ஒன்று, ஒரு டப்பா ஆணி, போதாதென்று என் பழைய சைக்கிள் செயின். எல்லாவற்றையும் மீன் தொட்டியில் போட்டேன். துரு கரையும், சத்து ஏறும், கீரை பச்சையாகும் என்று கணக்கு. செயினில் பத்து வருஷத்து கிரீஸ் இருந்தது எனக்கு நினைவே வரவில்லை. மறுநாள் தண்ணீர் மேல் வானவில் மாதிரி எண்ணெய் படர்ந்து கிடந்தது. அழகாகக்கூட இருந்தது, போங்கள்.

குருத்தோலை ஞாயிறு, ஈஸ்டருக்கு இன்னும் ஒரே வாரம். சர்ச்சிலிருந்து கோட்டும் சூட்டுமாக வந்தேன். கழுத்தில் சுற்றிய குருத்தோலை. வழக்கம்போலத் தொட்டியை எட்டிப் பார்த்தேன். மீன்கள் எல்லாம் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. நாலைந்து மல்லாந்து மிதந்தன. நான் பக்கத்தில் போனால் எப்போதும் சட்டென்று அடியில் ஓடும் மீன்கள், இப்போது அசையவே இல்லை. சூட்டோடு தொட்டிக்குள் இறங்கினேன். எதற்கு இறங்கினேன் என்று கேட்காதீர்கள். உள்ளே நின்று கையால் தண்ணீரை அடித்துக்கொண்டு, செத்த மீனை ஒன்றொன்றாகக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

கைத்தடிச் சத்தம் கேட்டது. யூலாலி வந்து நின்றாள். இடுப்பளவு தண்ணீரில், டையோடு, கழுத்தில் குருத்தோலையோடு நிற்கிற என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"யூலாலி," என்றேன். "எனக்கு ஒண்ணும் புரியல. என்ன பண்ணணும்? நீ சொல்லு."

அவளிடம் நான் இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கே அது அப்புறம்தான் உறைத்தது. அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"முதல்ல வெளிய வா. தீனி டப்பாவை நிறுத்து. அந்தச் சனியன் பிடிச்ச இரும்பையெல்லாம் எடுத்துக் கடாசு. மேல இருக்கற எண்ணெயைப் பழைய துணி போட்டு ஒத்தி எடு. அப்புறம் பாதித் தண்ணியை இறைச்சிட்டு, மழைத் தண்ணி பீப்பாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமா விடு. குழாய்த் தண்ணி வேணாம், மருந்து கலந்திருக்கும். மெதுவா விடணும், திடுதிப்புன்னு ஊத்தினா இருக்கறதும் போயிடும்."

கடைசி வார்த்தை வரைக்கும் நின்று கேட்டேன். சாயங்காலத்துக்குள் மீன்கள் ஒவ்வொன்றாக அடியில் இறங்கின. ஒன்பது செத்திருந்தன. மீதி ஐம்பத்தொன்றும் பிழைத்தன.

ஈரத் துணியோடு படிக்கட்டில் உட்கார்ந்தேன். "மீனைப் பத்தி உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கப்பா வீட்டுல ஆத்துத் தண்ணியை மறிச்சு மீன் வளத்தோம். நீ கேட்டதே இல்லையே."

"கீரை ஏன் மஞ்சளாகுது? அதாவது தெரியுமா?"

"கல்லு," என்றாள். "உன் வீட்டுச் சுவரோரம் எதை வச்சாலும் இதே மாதிரித்தான் மஞ்சளாப் போகும். முப்பத்தெட்டு வருஷமாப் பாக்கறேன். அதனாலதான் சுவரை விட்டுத் தள்ளியே நடுவேன். சுண்ணாம்பு தண்ணியில கரையுது. அந்தத் தண்ணியில எவ்வளவு இரும்பு இருந்தாலும் செடியால குடிக்க முடியாது. மீனோட அழுக்கும் அந்தத் தண்ணியில விஷமா ஏறும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னேனே. 'இந்தக் கல்லு'ன்னு நான் ஆரம்பிச்சேன். 'நல்ல கல்லு'ன்னு நீ முடிச்சுட்ட."

சமையலறைக்குப் போய் வினிகர் புட்டியை எடுத்து வந்தேன். கழுவித் துடைத்து நான் பெருமையோடு அடுக்கிய கல்லில் ஒன்றை எடுத்துச் சிமெண்டுத் தரையில் வைத்து ஊற்றினேன். புஸ்ஸென்று நுரைத்தது. முப்பத்திமூன்று வருஷம் எனக்குச் சோறு போட்ட கல். எச்சில் துப்புகிற மாதிரி நுரைத்துக்கொண்டே இருந்தது. மிஸ் அலைனுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல மிஸ்டர் ஸ்கீட், இந்தத் தீவுல பாதிப் பேர் இதே கல்லைப் போட்டுத்தான் ஆரம்பிக்கறாங்க. எங்க பாத்தாலும் இதுதானே கிடக்கு" என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாளோ என்னவோ, பாதிப் பேரில் குவாரிக்காரன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

சரி, இந்தக் கல் வேண்டாம், வேறு எந்தக் கல்? யூலாலி ஏற்கெனவே தன் சித்தி மகன் கட்பர்ட்டுக்குப் போன் செய்துவிட்டிருந்தாள். அவன் வாராவாரம் செயின்ட் வின்சென்ட்டிலிருந்து சரக்குப் படகில் வாழைக்காய், கிழங்கு ஏற்றிக்கொண்டு எங்கள் துறைமுகத்துக்கு வருகிறவன். புதன்கிழமை படகு வந்தது. கூடவே இருபத்திரண்டு மூட்டை எரிமலைக் கல்லும் வந்தது. கறுப்பாக, ஓட்டை ஓட்டையாக, கையில் எடுத்தால் கனமே இல்லாமல் இருந்தது.

துறைமுக ஆபீசர் காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"நீங்க குவாரி ஸ்கீட்தானே?"

"ஆமா."

"கல்லு இறக்குமதி பண்றீங்க?"

"ஆமா."

"பார்படோஸுக்கு?"

"கையெழுத்தைப் போடுங்க சார்" என்றேன். மூட்டை தூக்க என்னோடு வந்து பின்னால் நின்றிருந்த லிவ்வி, இந்தக் கதையைக் கடைக்குக் கொண்டுபோகும் அவசரத்தில், கல் ஏற்ற நான் பிடித்த வேன் கிளம்பும் வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை. நான் வீட்டுக்கு வருவதற்குள் மேசை அதிர டாமினோக் கட்டை அடித்து ஆடுகிற அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. வேன் கடையைத் தாண்டும்போது எல்லோரும் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்கள். பாவிகள்!

ஆனால் வியாழக்கிழமை அதே பாவிகள்தான் வந்து இரண்டு டன் கல்லை வாளி வாளியாக அள்ளி வெளியே கொட்டினார்கள். யூலாலி நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லித் தோட்டத்து நடுவில் போட்டுக்கொண்டாள். உட்காரவே இல்லை. கைத்தடியால் காட்டிக் காட்டி வேலை வாங்கினாள்.

"லிவ்வி, அந்தப் பழைய கல்லுல ஒட்டியிருக்கற கறுப்புச் சேத்தைக் கழுவி ஒரு வாளியில வை, அதுலதான் கிருமி இருக்கு. கொட்டினே, உன் கையை உடைப்பேன். ஸ்கீட், புதுக் கல்லை ஒரு ராத்திரி தண்ணியில ஊறவை. இல்லைன்னா மிதக்கும்."

"மிதக்கும்னு எனக்குத் தெரியும்," என்றேன்.

"தெரியும்னு எனக்கும் தெரியும். ஊறவை."

தானாக ஓடும் தீனி டப்பாவைக் கழற்றி எறிந்தாள். "மீன் தின்னுதா இல்லையான்னு கண்ணால பாத்துத்தான் போடணும். டப்பாவுக்கு என்ன தெரியும்?" காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அவளே கையில் தீனி எடுத்துப் போனாள். அவள் நிழல் விழுந்ததும் மீன்கள் எல்லாம் ஒரே மூலைக்கு வந்தன. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. இரண்டு மாதமாக நான் போய் நின்றால் ஓடி ஒளிந்த ஜென்மங்கள்.

இதெல்லாம் சரி. ஈஸ்டர் ஞாயிறு விடிந்தபோது என் பாத்தியில் என்ன இருந்தது? கறுப்புக் கல் இருந்தது, ஓடும் தண்ணீர் இருந்தது. ஒரு இலை இல்லை. கிருமிகள் நன்றாகக் குடியேற ஆறு வாரம் ஆகும் என்று மிஸ் அலைன் சொல்லியிருந்தாள், முழுசாகக் கேட்டேன். நான் விதித்த கெடு முடிந்துவிட்டது. தோற்றுப் போனேன்.

அன்று சர்ச்சுக்குப் போய் வந்ததும் அலமாரி மேலிருந்து யூலாலியின் பெட்டியை இறக்கினேன். தூசி தட்டினேன். கைப்பிடியில் துரு இருந்தது, எண்ணெய் போட்டேன். அவளுடைய நீல கவுனை இஸ்திரி போட்டு மடித்து மேலே வைத்தேன். என் வாழ்க்கையில் நான் இஸ்திரி போட்ட முதல் துணி அது, காலரில் லேசாகத் தீய்ந்தும்விட்டது. கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் போய்விட்டால் இந்தக் கட்டிலில் நான் எந்தப் பக்கம் படுப்பேன் என்று ஒரு கேள்வி வந்தது. அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தெம்பில்லை.

யூலாலி உள்ளே வந்தாள். கையெல்லாம் ஈரம்.

"இதை யாரு எடுக்கச் சொன்னது?"

"ஈஸ்டர் வந்துருச்சு. லெட்டூஸ் வரல. பேச்சுன்னா பேச்சுதான்."

"யாரோட பேச்சு? நான் எப்போ சரின்னு சொன்னேன்?"

"ம்-னு சொன்னியே."

"பஸ் லேட்டா வந்துதேன்னு ம்-ன்னேன்." அவள் கவுனை எடுத்துப் பார்த்தாள், தீய்ந்த காலரைப் பார்த்தாள், மடித்து வைத்தாள். "ஸ்கீட், ஒரு விஷயம் கேக்கறேன். முப்பத்தெட்டு வருஷத்துல நான் எப்பவாவது லெட்டூஸ் தின்னு பாத்திருக்கியா?"

யோசித்தேன். எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

"எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. வெறும் தண்ணியை மென்ன மாதிரி இருக்கும். ஒரு மனுஷன் மூணு மாசமா ராப்பகலா அதை வளக்கறேன்னு நிக்கறான், நான் என்ன சொல்ல?"

"அப்ப... உனக்கு என்னதான் வேணும்?"

அவள் வெளியே நடந்தாள். பின்னாலேயே போனேன். முதல் பாத்தியில், கறுப்புக் கல்லுக்கு நடுவே, வரிசையாக எட்டுச் சின்ன முளைகள் நின்றன. காலையில் நான் பார்த்தபோது இல்லை. நான் இஸ்திரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் நின்றபடியே நட்டிருக்கிறாள். சேம்பு. செயின்ட் வின்சென்ட்டுக்காரர்கள் அந்த இலையைச் சூப் வைப்பார்கள், கிழங்கை வேகவைத்துக் கருவாட்டோடு தின்பார்கள். கட்பர்ட் கல்லோடு கொண்டுவந்து கொடுத்திருக்கிறான்.

அப்போதுதான் ஷெர்மாவின் போன் வந்தது. யூலாலி கை ஈரமாக இருந்ததால் என்னைப் பிடிக்கச் சொல்லி, சத்தமாக வைக்கச் சொன்னாள்.

"அம்மா, ஹேப்பி ஈஸ்டர்! பெட்டி கட்டியாச்சா? வியாழக்கிழமை நான் ஏர்போர்ட்டுக்கு வந்துடறேன்."

"ஷெர்மா, நான் சேம்பு வச்சிருக்கேன்டி."

"சரி, அதுக்கென்ன? அப்பா பாத்துக்கட்டும்."

"உங்கப்பாவா? பத்தாம் நாளே கிழங்கு வந்துச்சான்னு பிடுங்கிப் பாப்பாரு."

ஷெர்மா அங்கே விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு மரமாக நிற்கிறேன்.

"சரிம்மா, எப்பதான் எடுப்ப அந்தக் கிழங்கை?"

"ஒன்பது மாசம் ஆகும்."

"ஒன்பது மாசமா! அப்ப ஜனவரியிலதான் வருவியா?"

"ஜனவரிக்குள்ள ரெண்டாவது பாத்தியிலயும் வச்சிருப்பேனே," என்றாள் யூலாலி. "அதுக்கு ஒரு ஒன்பது மாசம். நீ லீவு போட்டுட்டு இங்க வாடி. சூப் வச்சுத் தரேன்."

ஷெர்மா "சரிம்மா" என்றாள். அவளும் புரிந்துகொண்டாள். எனக்கும் புரிந்தது. அழுதேன். லிவ்வி வேலிக்கு அப்பால் நின்று பார்க்கிறான் என்று தெரிந்தும் அழுதேன்.

யூலாலி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எட்டாவது முளையைச் சுற்றிக் கல்லை விரலால் அணைத்துக்கொண்டே, "போனை வச்சிட்டு வா," என்றாள். "மீனுக்குத் தீனி போடற நேரமாச்சு. எவ்வளவு போடணும்னு காட்டறேன்."